சைன்(50எக்ஸ்) போட்டால் ஆறே அலைதான் வருகிறது: கால்குலேட்டர் பழுதா, நான் பழுதா?

#1 நீள்வட்டம்

கையில் ஒரு பழைய வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரை. உறவினர் ஒருவர் படித்து முடித்துவிட்டுக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு முக்கோணவியல் சார்புகளை யாருடைய உதவியும் இல்லாமல் படித்துவருகிறேன்.

நேற்று இரவு சைன்(எக்ஸ்), சைன்(2எக்ஸ்), சைன்(3எக்ஸ்) என்று வரிசையாக வரைந்து பார்த்தேன். எண் ஏற ஏற அலைகள் நெருங்கிக்கொண்டே வந்தன. ஆசை விடவில்லை, நேரே சைன்(50எக்ஸ்) என்று அடித்தேன். எக்ஸ் −2பை முதல் 2பை வரை, ஒய் −2 முதல் 2 வரை வைத்திருந்தேன். அப்படியானால் நூறு அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். திரை முழுக்கக் கறுத்துப்போயிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். வந்தவை ஆறே ஆறு அலைகள். அதுவும் இழைத்து வைத்தது போல அத்தனை ஒழுங்காக!

மூன்று முறை அழித்துத் திரும்ப அடித்தேன். அதே ஆறுதான். இயந்திரம் கெட்டுப்போய்விட்டதா?

#2 அரைக்கால்

ரேடியனா, டிகிரியா? இங்கே வருகிற புலம்பல்களில் பாதிக்கு அந்த ஒரு கேள்விதான் மருந்து.

#3 நீள்வட்டம்

ரேடியன்தான் அண்ணா. டிகிரியிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். அதில் இரண்டு அலைகூட முழுதாக வரவில்லை.

#4 முக்கோணி

பழுது எதுவும் இல்லை, தம்பி. காரணத்தை இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு நல்ல மாலைப்பொழுது போய்விடும். அதனால் இரண்டு வேலைகள் மட்டும் தருகிறேன்.

சைன்(எக்ஸ்) வரைந்துவிட்டு ‘ட்ரேஸ்’ பொத்தானை அழுத்துங்கள். சுட்டி நடுவில், எக்ஸ் பூச்சியத்தில் வந்து நிற்கும். வலது அம்புக்குறியை ஒவ்வொரு தடவையாக அழுத்தி, திரையின் ஓரத்தைத் தொட எத்தனை அழுத்தம் ஆகிறது என்று எண்ணுங்கள். அடுத்து அதே எல்லைகளுக்குள் சைன்(46எக்ஸ்), சைன்(47எக்ஸ்), சைன்(48எக்ஸ்) மூன்றையும் தனித்தனியே வரையுங்கள். பார்த்ததை அப்படியே இங்கே எழுதுங்கள்.

#5 நீள்வட்டம்

எண்ணினேன். நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு 47 அழுத்தம். சந்தேகத்தில் இடது பக்கமும் எண்ணினேன், அங்கும் 47.

இனிமேல்தான் வேடிக்கை. சைன்(48எக்ஸ்) வரைந்தால் அசல் சைன்(எக்ஸ்) வருகிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தேன். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே ஓடியது, ஒரு புள்ளிகூட விலகவில்லை. சைன்(46எக்ஸ்) அதன் தலைகீழ். சைன்(47எக்ஸ்) போட்டால் எதுவுமே இல்லை! பிழைச்செய்தியும் இல்லை. வெறும் அச்சுகள் மட்டும். ட்ரேஸ் அழுத்திப் பார்த்தால் ஒய்க்குப் பூச்சியம் காட்டுகிறது. சில இடங்களில் தசமப் புள்ளிக்குப் பின் ஒரு டஜன் பூச்சியம் தள்ளி ஏதோ ஒரு பொடி எண்.

47 என்ற எண் இரண்டு இடத்திலும் தலைகாட்டுவது தற்செயல் அல்ல என்பது மட்டும் புரிகிறது. அதற்கு மேல் பிடிபடவில்லை.

#6 அரைக்கால்

என் கால்குலேட்டர் மூன்று மாதமாக சைன்(47எக்ஸ்) மட்டும்தான் வரைகிறது. மின்கலம் தீர்ந்துவிட்டது என்று இத்தனை நாள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

#7 முக்கோணி

நீள்வட்டம் தம்பி, விடையைத் தொட்டுவிட்டீர்கள்.

உங்கள் திரையில் வரைபடத்துக்கு 95 நிரல்கள், அதாவது செங்குத்தான புள்ளி வரிசைகள், உள்ளன. நடுவில் ஒன்று, இரு பக்கமும் 47. அந்த அம்புக்குறியை அழுத்தும்போது சுட்டி ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்குத் தாவுகிறது. கால்குலேட்டர் சார்பைக் கணக்கிடுவது அந்த 95 இடங்களில் மட்டும்தான். இடையில் என்ன நடக்கிறது என்று அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கிடைத்த புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்துவிட்டு வரைபடம் என்று நம்மிடம் நீட்டுகிறது.

இனி கணக்கு. −2பை முதல் 2பை வரை மொத்த அகலம் 4பை. 95 நிரல்களுக்கு நடுவே 94 தாவல்கள். ஒரு தாவல் 4பை/94, அதாவது 2பை/47. எக்ஸ் இவ்வளவு நகரும்போது 47எக்ஸ் எவ்வளவு நகரும்? சரியாக 2பை, ஒரு முழுச் சுற்று. ஒவ்வொரு நிரலுக்கும் சைன் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. நடுவில் பூச்சியம், அதனால் எல்லா நிரலிலும் பூச்சியம். நீங்கள் எதுவுமே இல்லை என்றீர்களே, கோடு இருக்கத்தான் செய்தது. எக்ஸ் அச்சின் மேலேயே படுத்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பொடி எண்கள், பையை ஓரிடத்தில் வெட்டிச் சேமித்ததால் மிஞ்சிய துகள்.

48எக்ஸ் என்பது 47எக்ஸ் + எக்ஸ். முதல் பகுதி முழுச் சுற்றுகளாகக் கழிந்துவிடுகிறது, மிஞ்சுவது எக்ஸ். 46 என்றால் மிஞ்சுவது −எக்ஸ், அதனால் தலைகீழ். 50 என்றால் மிஞ்சுவது 3எக்ஸ். சைன்(3எக்ஸ்) உங்கள் எல்லைக்குள் ஆறு அலை போடும். உங்கள் ஆறு அலைக்கும் கணக்கு சரியாகிவிட்டதா?

நேரம் இருந்தால் சைன்(23எக்ஸ்) வரைந்து பாருங்கள். இரண்டு கொழுத்த மீன்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கும். அது ஏன் என்பது வீட்டுப்பாடம்.

#8 மின்அலை

மின்னணுவியலில் இருக்கிறேன். எங்களுக்கு இது தினசரித் தலைவலி, பெயர்கூட உண்டு: மாற்றுரு, ‘ஏலியாசிங்’. ஓர் அலையை அடையாளம் காண ஒரு சுற்றுக்கு இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள், அதாவது மதிப்பு எடுத்த புள்ளிகள், வேண்டும். அதற்குக் கீழே போனால் வேகமான அலை மெதுவான அலையின் வேடத்தில் வந்து நிற்கும். 1928இல் ஹாரி நைக்விஸ்ட் தந்தித் தொடர்புக்காக எழுதிய கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. 1949இல் கிளாட் ஷானன் அதைத் தேற்றமாக நிறுவினார்.

உங்கள் திரையில் 2பை அகலத்துக்கு 47 மாதிரிகள். ஆகவே 23.5 வரைதான் நம்பலாம். 24இலிருந்து எல்லாம் வேடதாரிகள்.

ஒலிக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுப்பதும் இதே காரணத்தால்தான். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதன் இரு மடங்குக்குச் சற்று மேலே வைத்தார்கள். 43,100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று வடிகட்டாமல் உள்ளே நுழைந்துவிட்டால் 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகக் காதில் விழும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தெரிவதும் இந்தச் சங்கதிதான். சைன்(46எக்ஸ்) தலைகீழாக வந்ததல்லவா, அதுதான் அந்தச் சக்கரம்.

#9 தாள்பென்சில்

இதைப் படித்ததும் என் பழைய கட்சியில் இன்னும் உறுதியாகிவிட்டேன். புதிதாகப் படிப்பவர் கையில் இந்தப் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. பொய்யைப் பிழைச்செய்தி இல்லாமல் சொல்லும் கருவி, பிழைச்செய்தியோடு நின்றுபோகும் கருவியைவிட ஆபத்தானது. 48க்குப் பதில் 1 காட்டுகிறதே, நீள்வட்டத்துக்குச் சந்தேகம் வந்தது, கேட்டார். வராதவர்கள்?

தாளில் நாலு புள்ளி குறித்து, அச்சை வெட்டும் இடம், பெருமம், சிறுமம் என்று கண்டுபிடித்து வரைந்தால் அந்தச் சார்பு மனதில் தங்கும். பொத்தானை அழுத்திப் பார்த்தது பொத்தானோடு போய்விடும்.

#10 நிரலாளி

தாள்பென்சில் ஐயா, நாலு புள்ளி குறித்து இணைக்கும்போது நீங்கள் செய்வதும் அந்தப் பெட்டி செய்வதும் ஒரே வேலைதானே? அது 95 புள்ளி வைக்கிறது, நீங்கள் நாலு. உங்களிடம் அதைவிடக் கூடுதலாக இருப்பது, வளைவு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லும் வகைக்கெழு. அதை நானும் மதிக்கிறேன்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஒரு நிரலை எடு, அதன் எக்ஸ் மதிப்பைக் கண்டுபிடி, சார்பில் போட்டு ஒய்யைப் பெறு, அதை அருகிலுள்ள முழு வரிசைக்குத் தள்ளி ஒரு புள்ளி வை, முந்தைய நிரலின் புள்ளியோடு கோடு போட்டுச் சேர். 1985இல் காசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி தான் சந்தைக்கு வந்த முதல் வரைபடக் கால்குலேட்டர். அதன் திரையே 96க்கு 64 பிக்சல். நினைவகம் 422 பைட். அந்தக் குருவித் தலையில் இதற்கு மேல் எதை ஏற்ற முடியும்?

கடைசியில் சொன்ன ‘கோடு போட்டுச் சேர்’ தான் பல குழப்பங்களுக்கு வேர். நீள்வட்டம், 1/(எக்ஸ்−2) சார்பை −10 முதல் 10 வரையுள்ள வழக்கமான எல்லையில் வரைந்து பாருங்கள். எக்ஸ் 2 அருகே செங்குத்தாக ஒரு கோடு விழும். பலர் அதைத் தொலைத்தொடுகோடு (வளைவு நெருங்கிக்கொண்டே போயும் தொடாத கோடு) என்று நினைத்து, கால்குலேட்டர் அதையும் வரைந்து தருகிறதே என்று மெச்சுவார்கள். அது தொலைத்தொடுகோடே அல்ல. அங்கே ஒரு தாவல் 20/94. அதனால் எந்த நிரலும் சரியாக 2இல் விழாது. 2க்கு முந்தைய நிரல் சுமார் 1.915, அங்கே மதிப்பு −11.75. அடுத்தது சுமார் 2.128, அங்கே 7.83. அந்த இரண்டையும் அப்பாவியாக இணைத்ததில் விழுந்த கோடு அது. எல்லையை −4.7 முதல் 4.7 வரை மாற்றினால் ஒரு தாவல் 0.1 ஆகும். ஒரு நிரல் சரியாக 2இல் விழும். அங்கே வகுத்தல் இயலாது, புள்ளி இல்லை, இணைக்க ஆள் இல்லை. கோடு மறைந்துவிடும்.

பிறகு வந்த சில வண்ணத் திரை மாடல்களில் இத்தகைய இடங்களைக் கண்டுபிடித்து இணைக்காமல் விட ஒரு தெரிவு உண்டு.

#11 நீள்வட்டம்

நிரலாளி அண்ணா சொன்னபடியே நடந்தது. ஜூம் பட்டியலில் ‘டெசிமல்’ என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் அந்த −4.7, 4.7 தானாகவே வந்துவிடுகிறது. இத்தனை நாள் எவரோ கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்த எண் என்று நினைத்திருந்தேன். 47ஐப் பத்தால் வகுத்தது!

அதே சூட்டில் இன்னொன்று செய்தேன். (எக்ஸ்²−1)/(எக்ஸ்−1) என்பதைச் சுருக்கினால் எக்ஸ்+1. ஆனால் எக்ஸ் 1 ஆகும்போது அது வரையறுக்கப்படவில்லை, அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன். வழக்கமான எல்லையில் முழு நேர்கோடு. டெசிமல் எல்லையில் ஒரே ஒரு பிக்சல் காணாமல் போயிருந்தது. ட்ரேஸில் எக்ஸ் = 1 வந்ததும் ஒய்க்கு நேரே வெற்றிடம். ஒரு பிக்சல் இல்லாததைப் பார்த்து இவ்வளவு மகிழ்வேன் என்று நினைக்கவில்லை.

மீன்களையும் பார்த்தேன். 23எக்ஸ் என்றால் ஒரு தாவலுக்கு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஒரு புள்ளி மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி விழுகிறது. நடுவில் குட்டை, பை அருகே உயரம், ஓரத்தில் மறுபடி குட்டை. அடுத்தடுத்த நிரல்களைக் கோட்டால் இணைப்பதால் உள்ளே கறுப்பாக நிரம்பிவிடுகிறது. சரியா?

#12 முக்கோணி

சரி. நூற்றுக்கு நூறு.

தாள்பென்சில் ஐயாவுக்கு: நீங்கள் சொல்லும் ஆபத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பெட்டியைப் பிடுங்கிக்கொள்வதில்லை, வரிசையை மாற்றுகிறேன். முதலில் தாளில் எப்படி வரும் என்று உத்தேசமாக ஒரு கோடு கிழிக்க வேண்டும், பிறகுதான் பொத்தான். திரையும் தாளும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்குப் பாடம் அங்கேதான். யார் பக்கம் தவறு என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த உதாரணம் எக்ஸ்⁴ − 0.02எக்ஸ்². வழக்கமான எல்லையில் அடியில் தட்டையான ஒரே ஒரு பள்ளம். பார்த்தவர்கள் சிறுமம் பூச்சியத்தில் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். வகையிட்டுப் பார்த்தால் 4எக்ஸ்³ − 0.04எக்ஸ். அது பூச்சியமாகும் இடங்கள் 0, 0.1, −0.1. சிறுமங்கள் ±0.1இல் இருக்கின்றன, பூச்சியத்தில் இருப்பதோ ஒரு சின்ன மேடு. பள்ளத்தின் ஆழம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் திரையில் ஒரு பிக்சலின் உயரமே சுமார் 0.32. எப்படித் தெரியும்? எக்ஸை −0.2 முதல் 0.2, ஒய்யை −0.0002 முதல் 0.0002 என்று சுருக்கினால் இரட்டைப் பள்ளம் பளிச்சென்று எழுந்து நிற்கும். எங்கே சுருக்க வேண்டும் என்று சொன்னது யார்? பென்சில்தான்.

இதற்கு நேர் எதிரானது 2-இன் எக்ஸ் அடுக்கும் எக்ஸ்¹⁰உம். திரையில் இரண்டு வெட்டுப்புள்ளிகள் கிடைக்கும், −0.937 அருகே ஒன்று, 1.078 அருகே ஒன்று. அடுக்குக்குறிச் சார்பு கடைசியில் எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் முந்தும் என்று தெரிந்தவர் மட்டும்தான் மூன்றாவதைத் தேடிப் போவார். அது எக்ஸ் சுமார் 58.77இல் இருக்கிறது, உயரம் ஏறத்தாழ 4.9 × 10¹⁷.

#13 தாள்பென்சில்

வரிசையை மாற்றுவது பற்றி மறுப்பு இல்லை. அந்த நிபந்தனையோடு என்றால் பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எல்லோரும் அப்படி நடத்துவதில்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சந்தேகம். இப்போது கணினியிலும் கைப்பேசியிலும் வரைகிறார்களே, அவற்றிலும் இந்தக் கூத்து உண்டா?

#14 ஓரச்சீட்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 25 − எக்ஸ்² என்பதன் வர்க்கமூலத்தையும் அதன் எதிர்க்குறியையும் வரைந்தால் வட்டம் வராமல் முட்டை வருகிறது. இரு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு வேறு நிற்கிறது. இதுவும் அந்த நிரல் பிரச்சினையா?

#15 நிரலாளி

ஓரச்சீட்டு: முட்டைக்குக் காரணம் வேறு. திரைக்கு அகலம் அதிகம், உயரம் குறைவு. இரண்டு அச்சுக்கும் −10, 10 என்றே கொடுத்தால் கிடைமட்டம் இழுபட்டுவிடும். ஜூம் பட்டியலில் ‘ஸ்கொயர்’ தேர்ந்தெடுங்கள். வாய் பிளப்பது நிரல் பிரச்சினையேதான், எக்ஸ் = 5இல் நிரல் விழவில்லை. டெசிமல் எல்லையில் ஆரம் 3 வைத்துப் பாருங்கள், வாயை மூடிக்கொள்ளும்.

தாள்பென்சில் ஐயா: உண்டு, ஆனால் எளிதில் மாட்டாது. டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலிகள் இரண்டிலும் புள்ளிகள் பன்மடங்கு அதிகம். சைன்(50எக்ஸ்) பிசகாமல் வரும். ஆனாலும் அடிப்படை மாதிரி எடுப்பதுதான். 50ஐ ஆயிரங்களாக்கிப் பாருங்கள், பட்டை பட்டையாக ஏதேதோ வடிவங்கள் கிளம்பும். அவற்றின் உண்மையான வரம், எண்ணை நழுவலாக (‘ஸ்லைடர்’) வைத்து இழுத்துப் பார்ப்பதுதான். சைன்(எக்ஸ் − சி) என்று எழுதி சியைக் கூட்டும்போது அலை வலப்பக்கம் நகர்வதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவர், கழித்தல் குறி இருந்தும் ஏன் வலப்பக்கம் என்று பிறகு தடுமாற மாட்டார்.

புள்ளி வைக்காமலே வரையும் வழியும் இருக்கிறது. ஒரு பிக்சலின் மொத்த அகலத்தையும் ஓர் இடைவெளியாக எடுத்துக்கொண்டு, இதற்குள் சார்பின் மதிப்பு எதிலிருந்து எதுவரை போகலாம் என்று கணக்கிடுவது. வளைவு இந்தப் பிக்சலுக்குள் நிச்சயம் இல்லை என்றால் மட்டுமே அதை வெள்ளையாக விடலாம். ஜெஃப் டப்பர் 2001இல் இதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 106க்கு 17 பிக்சல் கட்டத்துக்குள் தன் சமன்பாட்டைத் தானே எழுதிக்காட்டும் அந்தப் புகழ்பெற்ற சமன்பாடு அதில் வந்ததுதான். எந்த உயரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல மட்டும் 543 இலக்க எண் ஒன்று வேண்டும்.

அந்த வழியில் போகாதவரை, எந்தத் திரையையும் கவிழ்க்க ஒரு சார்பு: (1 − கோசைன்(எக்ஸ்⁶))/எக்ஸ்¹². எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது இதன் எல்லை மதிப்பு 1/2. வரைந்தால் 1/2இல் ஒழுங்காக வந்த கோடு பூச்சியத்தின் அருகே திடீரென்று கீழே விழுந்து கிடக்கும். இதற்கும் நிரல்களுக்கும் சம்பந்தம் இல்லை. எக்ஸ் = 0.04இல் கோசைன், 1இலிருந்து பதினெட்டாம் தசம இடத்தில்தான் பிரிகிறது. கருவியிடம் அத்தனை இலக்கம் இல்லை, 1 என்றே வைத்துக்கொள்கிறது. 1இலிருந்து 1 போனால் பூச்சியம்.

#16 நீள்வட்டம்

எல்லோருக்கும் நன்றி. முக்கோணி ஐயா சொன்னபடி இன்று முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் பொத்தானைத் தொட்டேன்.

50இல் 47 போனால் 3. அதற்குக் கண்ணாடியில் தெரியும் எண் 44, அது −3. சைன்(44எக்ஸ்) அதே ஆறு அலையைத் தலைகீழாகக் காட்ட வேண்டும். அப்படியானால் இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு நிரலிலும் ஒன்றை ஒன்று தின்றுவிட வேண்டும். தாளில் இப்படி எழுதினேன்: ‘சைன்(44எக்ஸ்) + சைன்(50எக்ஸ்), திரை காலியாக இருக்கும்.’

அடித்தேன். மேலே ஓரத்தில் வேலை நடப்பதைக் காட்டும் குட்டிக் கோடு ஓடி ஓடி நின்றது. அச்சுகளைத் தவிர ஒன்றுமே இல்லை.

#17 தாள்பென்சில்

முக்கோணவியலில் கூட்டலைப் பெருக்கலாக்கும் வாய்பாடு ஒன்று உண்டு, படித்திருப்பீர்கள். உங்கள் கூட்டலை அதில் போட்டால் 2 சைன்(47எக்ஸ்) கோசைன்(3எக்ஸ்) என்று வரும். முன்னால் நிற்பவரைத் தெரிகிறதா?

#18 நீள்வட்டம்

47! அந்த வாய்பாட்டை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் ஐயா, எதற்கென்று தெரியாமலே.